முப்பது காசில் ஒரு புத்தகக்குறி

சேர்வராயன் மலையில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். ஏற்காடு என்றதும் பலருக்கு ஏரியும் படகும் நினைவுக்கு வரும். எங்கள் ஊர் அங்கிருந்து தள்ளி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள்.

சென்ற கல்வியாண்டு ஜூலை மாதம். நூலகப் பாடவேளையில், திரும்பி வந்த புத்தகங்களைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். ஒரு கதைப் புத்தகத்தில் பக்கங்களின் மேல்மூலை வரிசையாக மடிந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். 11 மடிப்புகள். எடுத்துப் போனவள் ஆறாம் வகுப்பு மாணவி. "புத்தகத்தை இப்படியா வைத்துக்கொள்வது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் அவள் புத்தகம் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த இரண்டு வாரங்களும் எடுக்கவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே மூன்று கட்டங்கள் காலியாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் கண்ணு, புத்தகமே எடுக்கறதில்ல?"

"எடுத்தா மறுபடி மடிச்சிருவேன் டீச்சர்."

"ஏன் மடிக்கணும்?"

"படிச்சுக்கிட்டே இருப்பேன், தம்பி அழுவான். எந்திரிச்சுப் போயிட்டு வந்தா எங்க விட்டேன்னு தெரியாது."

அன்று மாலை அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 11 மடிப்புகள் என்றால், அவள் 11 முறை எழுந்து போயிருக்கிறாள். 11 முறையும் திரும்பி வந்திருக்கிறாள். எங்கள் வகுப்பில் இவ்வளவு விடாப்பிடியாக ஒரு புத்தகத்தைப் படித்தவர் வேறு யாரும் இல்லை. அந்தப் பிள்ளையைத்தான் நான் புத்தகத்திலிருந்து விலக்கியிருந்தேன்.

இந்தக் கட்டுரை புத்தகக்குறி செய்வது பற்றியது. 'புக்மார்க்' என்று நாம் சொல்லும் அதே அட்டைதான். ஆனால் இது கைவினைப் பாடவேளைக்காகத் தொடங்கிய வேலை அல்ல என்பதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

தொடங்கிய நாள்

ஆகஸ்டு 12 தேசிய நூலகர் நாள். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதனின் நினைவாகக் கொண்டாடப்படுவது. அவர் முதலில் கணித ஆசிரியர்; 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்கிறது. வீட்டு வேலைக்கு நடுவே கால் மணி நேரம் மட்டுமே கிடைக்கும் ஒரு பிள்ளை, விட்ட இடத்தைத் தேடுவதிலேயே ஐந்து நிமிடத்தைத் தொலைத்தால், மீதி என்ன இருக்கும்?

அன்று வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன்: "படித்த இடம் மறக்காமல் இருக்க நீங்கள் என்ன வைப்பீர்கள்?" பேருந்துச் சீட்டு, ஈர்க்குச்சி, தீக்குச்சி, கோழி இறகு, பென்சில் என்று பதில்கள் வந்தன. குட்டி போடும் என்று நம்பி மயிலிறகு வைத்ததையும், நரம்பு மட்டும் மிஞ்சட்டும் என்று அரச இலை வைத்ததையும் சொல்லிச் சிரித்தார்கள். பென்சில் வைத்தால் புத்தகத்தின் முதுகு விட்டுப்போகும் என்பதையும், தாள் துண்டு எங்கள் மலை ஈரத்தில் இரண்டே வாரத்தில் துவண்டுவிடும் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். "அப்போ மேலே டேப் ஒட்டிரலாம் டீச்சர்" என்றான் ஒருவன். அங்கிருந்து வேலை தொடங்கியது.

தேவையான பொருள்கள்

பழைய கல்யாணப் பத்திரிகைகள். இதைவிடப் பொருத்தமான அட்டை கிடையாது. மஞ்சள் தடவிய மூலையை மட்டும் வெட்டிவிட வேண்டும். தினக் காலண்டரின் பின்னட்டை வேண்டாம். தடிமன் மிகுதி, புத்தகம் வாய் பிளந்து நிற்கும்.

48 மில்லிமீட்டர் அகலமுள்ள நிறமற்ற டேப், ஓர் உருளை. பெட்டி ஒட்டுவதற்குப் பயன்படுமே, அதுதான். 65 மீட்டர் உருளை எனக்கு 60 ரூபாய்க்குக் கிடைத்தது.

காய்ந்த இலைகள், கொஞ்சம் பசை, அளவுகோல், கத்தரிக்கோல், துளையிடும் கருவி, பூக்கட்டும் நூல் அல்லது மிஞ்சிய கம்பளி நூல், பழைய செய்தித்தாள்கள்.

லேமினேஷன் கடைக்குப் போக மலையிறங்கிச் சேலம் வரை போக வேண்டியதில்லை. இயந்திரமும் வேண்டியதில்லை.

அளவை டேப்தான் தீர்மானிக்கிறது

"அட்டையை எவ்வளவு அகலத்தில் வெட்டலாம்?" என்று கேட்டபோது ஆளுக்கோர் அளவு சொன்னார்கள். டேப்பின் அகலத்தை அளக்கச் சொன்னேன். 48 மி.மீ. அட்டையைச் சுற்றி டேப்பும் டேப்பும் நேராக ஒட்டிக்கொள்ளும் கரை இருந்தால்தான் ஈரம் உள்ளே போகாது. இரண்டு பக்கமும் 4 மி.மீ. விட்டால், அட்டையின் அகலம் 40 மி.மீ., அதாவது 4 செ.மீ. நீளத்தை 14 செ.மீ. என்று வைத்துக்கொண்டோம். நூல் கோக்கும் துளைக்காக மேலே 1.5 செ.மீ., கீழே 0.5 செ.மீ. டேப் கூடுதலாக விட வேண்டும். ஆக ஒரு பக்கத்துக்கு 16 செ.மீ.; முன்னும் பின்னும் சேர்த்து 32 செ.மீ.

பிறகு கணக்கைப் பிள்ளைகளிடமே விட்டேன். 65 மீட்டர் என்பது 6,500 செ.மீ. அதை 32ஆல் வகுத்தால் 203 வரும், 4 செ.மீ. மிஞ்சும். கோணலாகி வீணாவது போக 200 என்று வைத்துக்கொண்டால், 60 ரூபாய்க்கு 200 குறிகள். ஒன்றுக்கு 30 காசு. அலகு மாற்றம், மீதியுடன் வகுத்தல், ஒரு பொருளின் அடக்கவிலை என்று மூன்று பாடக் கருத்துகள் ஒரு டேப் உருளைக்குள் இருந்தன. ஒரே உருளை பள்ளி முழுவதற்கும் போதும் என்று அவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னபோது, கரும்பலகையில் நான் எதையும் எழுதியிருக்கவில்லை.

இலை சேகரித்தல்

எங்கள் மலையில் இலைக்குப் பஞ்சமில்லை. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் தர சில்வர் ஓக் மரங்களை வளர்க்கிறார்கள். அந்த மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். மூன்றின் இலைகளும் குறிக்குப் பயன்படும். சில்வர் ஓக் இலை சீப்புப் போலப் பிளவுபட்டு, மேலே பச்சையும் அடியில் வெள்ளியுமாக இருக்கும். மெல்லியது, சீக்கிரம் காயும். ஓடையோரப் பெரணி இலையும் நன்றாக அமையும். கையின் மேல் வைத்துத் தட்டினால் வெள்ளை அச்சு விழுமே, அந்தப் பெரணி பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. வேலியெங்கும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியின் பூவை எவ்வளவு பறித்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

சில விதிகள் வைத்துக்கொண்டோம். உதிர்ந்த இலைக்கே முதலிடம். காப்பி இலை வேண்டுமென்றால், கவாத்து செய்து போட்ட கிளையிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட் செடிகளைத் தொடக்கூடாது. அவற்றைப் பாதுகாப்பதற்காகவே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஏற்காட்டில் ஒரு தோட்டம் வைத்திருக்கிறது. செந்தட்டி, அரளி பக்கம் போகக்கூடாது.

இலையின் பெயரை வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். நான் சமவெளியிலிருந்து வந்தவள். பல செடிகளுக்கு எனக்குப் பெயரே தெரியாது. பிள்ளைகளின் ஆயாக்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரே செடிக்கு இரண்டு வீட்டில் இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் எழுதிக்கொண்டோம்.

முதல் முயற்சி தோற்றது

இதை மறைக்காமல் எழுதுகிறேன். மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும். முதல் முறை இலைகளைப் புத்தகத்துக்குள் வைத்து மூன்றே நாளில் எடுத்து ஒட்டிவிட்டோம். பார்க்க அழகாக இருந்தன. ஒரு வாரத்தில் காப்பி இலைகள் எல்லாம் கறுத்துவிட்டன. சிலவற்றில் டேப்புக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது.

"காற்றுப் போகாம மூடிட்டோமே, அப்புறம் ஏன் கெட்டுப்போச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வியிலேயே பதில் இருந்தது. இலைக்குள் மிச்சமிருந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. பூஞ்சைக்கு அதுவே போதும். ஊறுகாய்க்கு ஏன் மாங்காயைக் காயவைக்கிறோம், நெல்லை ஏன் உலர்த்தி மூட்டை கட்டுகிறோம் என்று பேச்சு நீண்டது.

பிறகு ஒரு சோதனை செய்தோம். காப்பி, சில்வர் ஓக், பெரணி மூன்றிலும் இலைகள் எடுத்து, செய்தித்தாள்களுக்கு நடுவே அடுக்கி, மேலே பழைய பாடநூல்களையும் ஒரு கல்லையும் ஏற்றினோம். நாள்தோறும் காலையில் தாளை மாற்றுவது ஒரு குழுவின் பொறுப்பு. தாளை மாற்றாவிட்டால், இலை விட்ட ஈரத்தை இலையே திரும்ப வாங்கிக்கொள்ளும். 3ஆம் நாள், 6ஆம் நாள், 10ஆம் நாள் எனப் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டி, சன்னலோரம் வைத்துக் கவனித்தோம். 3 நாள் காய்ந்தவற்றில் காப்பி இலை முதலில் கறுத்தது. 6 நாளில் சில்வர் ஓக்கும் பெரணியும் தேறிவிட்டன. காப்பி இலையில் மட்டும் புள்ளிகள் விழுந்தன. 10 நாள் காய்ந்தவை எல்லாமே நின்றன. எங்கள் ஆகஸ்டு மாத ஈரத்துக்கு இந்தக் கணக்கு; சமவெளிப் பள்ளிகளில் இன்னும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது.

ஒட்டும் முறை

1. 4 செ.மீ.க்கு 14 செ.மீ. அளவில் அட்டையை வெட்டிக்கொள்ளவும். பத்திரிகையில் அச்சு உள்ள பக்கத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டலாம்.

2. பின்பக்கத்தில் எழுத வேண்டியதை இப்போதே எழுதிவிட வேண்டும். டேப் ஒட்டிய பிறகு பென்சிலும் பேனாவும் பிடிக்காது. மாணவர் பெயர், இலையின் பெயர், வீட்டில் சொல்லும் பெயர், எடுத்த இடம், நாள். ஆங்கில ஆசிரியர் விரும்பினால் ஆங்கிலப் பெயரையும் சேர்க்கலாம்.

3. இலையின் காம்பையும் தடித்த நடுநரம்பின் அடியையும் வெட்டிவிட்டு, ஒரு சொட்டுப் பசையில் அட்டையின் மேல் வைக்கவும். தடிப்பு இருந்தால் அதைச் சுற்றிக் காற்றுக் குமிழ் நிற்கும்.

4. கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளவும். விரல் ரேகை டேப்பில் அப்படியே பதியும்.

5. டேப்பைச் சற்று நீளமாகவே வெட்டி, ஒட்டும் பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் விரித்து, இரு முனைகளையும் சிறு டேப் துண்டுகளால் மேசையோடு பிடிக்கவைக்கவும். டேப்பைக் கொண்டுபோய் அட்டையில் ஒட்ட முயன்றால் கோணும். அட்டையைக் கொண்டுவந்து டேப்பின் மேல் வைப்பதுதான் சிறு கைகளுக்கு எளிது.

6. இலை உள்ள பக்கம் கீழே இருக்கும்படி அட்டையை ஒரு முனையிலிருந்து மெல்லப் படியவைக்கவும். துணி சுற்றிய அளவுகோலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தால் காற்று வெளியேறும்.

7. மேலே இரண்டாவது டேப்பை ஒட்டி, நான்கு கரைகளையும் நகத்தால் அழுத்தித் தேய்க்கவும்.

8. மேலே 1.5 செ.மீ., கீழே 0.5 செ.மீ. கரை விட்டு நறுக்கவும். அட்டையை ஒட்டியே வெட்டினால் ஓரம் பிரிந்து ஈரம் ஏறும். மேல்கரையில், அட்டையில் படாமல் துளையிட்டு நூல் கோக்கவும்.

"இது பிளாஸ்டிக்தானே டீச்சர்?"

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. எங்கள் மலைப்பாதையில் சுற்றுலா வருபவர்கள் வீசிப்போகும் உறைகளைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். டேப் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வகுப்பில் பேசி இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஆளுக்கு ஒரே குறி. அதை எட்டாம் வகுப்பு முடியும்வரை காப்பாற்ற வேண்டும். நெகிழியே வேண்டாம் என்பவர்கள் மெழுகு முறையைப் பின்பற்றலாம்: அட்டையின் இரு பக்கமும் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்து, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் மெழுகு உருகி அட்டைக்குள் இறங்கும். டேப் அளவுக்கு உறுதி கிடையாது. ஆனால் ஈரத்தைத் தாங்கும். இஸ்திரிப் பெட்டியை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். கேள்வி கேட்ட மாணவனுடைய குறி மெழுகுக் குறிதான்.

குறி சொன்ன செய்தி

செப்டம்பரில் எல்லோர் கையிலும் குறி இருந்தது. அதன் பிறகுதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் குறி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவந்தேன். பெயர், புத்தகம், பக்க எண். அவ்வளவுதான். நான்கு வாரங்களில் அந்த எண்கள் பேசத் தொடங்கின.

ஆறு பேரின் குறிகள் 5ஆம் பக்கத்துக்கும் 8ஆம் பக்கத்துக்கும் இடையில் அசையாமல் நின்றன. அதுவரை அவர்களைப் 'படிக்க ஆர்வமில்லாதவர்கள்' என்று நினைத்திருந்தேன். அந்தப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தால் எழுத்து பொடி, வாக்கியம் நீளம். வாசிப்பு இயக்க நூல்களில் 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்ற நிலைகள் உண்டல்லவா? அவர்களுக்கு 'நட' நிலை நூல்களைக் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை நால்வரின் குறி கடைசிப் பக்கத்தில் இருந்தது.

ஒரு மாணவனின் குறி 40ஆம் பக்கத்திலிருந்து 12ஆம் பக்கத்துக்குப் பின்னால் போயிருந்தது. ஏமாற்றுகிறானோ என்று சந்தேகம். கேட்டால், "ஆயாவுக்குப் படிச்சுக் காட்டறேன் டீச்சர். அதுக்கு முதல்ல இருந்து வேணுமாம்" என்றான். ஒரே நாளில் கடைசிப் பக்கத்துக்குப் போன இன்னொரு குறி, அந்தப் பிள்ளை படம் மட்டுமே பார்க்கிறாள், எழுத்துக்கூட்டவே திணறுகிறாள் என்பதைக் காட்டிக்கொடுத்தது. அவளுக்குத் தனியாக நேரம் ஒதுக்கினேன்.

ஒரு தவறும் செய்தேன். அதிகப் பக்கம் படித்தவர்களுக்குக் கைதட்டச் சொன்னேன். மறுவாரமே வெள்ளிக்கிழமை காலையில் சிலர் குறியை அவசரமாக நகர்த்தி வைப்பதைப் பார்த்தேன். குறியை மதிப்பெண்ணாக மாற்றினால் அது பொய் சொல்லும். கைதட்டலை அன்றோடு நிறுத்தினேன். பக்க எண்ணைக் குறித்துக்கொள்வதோடு சரி. அதை வைத்துப் பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை.

11 மடிப்புகள்

அந்த ஆறாம் வகுப்பு மாணவிக்கு வருகிறேன். எல்லோர் முன்னும் கண்டித்ததால், எல்லோர் முன்னும்தான் வருத்தம் சொல்ல வேண்டும் என்று பட்டது. ஆகஸ்டு 12 அன்று அந்தப் புத்தகத்தை வகுப்பில் காட்டி, மடிப்புகளின் கதையை அவள் சம்மதத்தோடு சொன்னேன். "டீச்சர் தெரியாமல் திட்டிவிட்டேன்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பாடவேளை முடிந்து எல்லோரும் போன பிறகு அலமாரி முன்னால் நின்று ஒரு புத்தகம் எடுத்தாள்.

பெரணி இலை வைத்துக் குறி செய்துகொண்டாள். நவம்பர் வந்தது. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அம்மாவும் அப்பாவும் விடியலிலேயே கிளம்பிவிடுவார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் தங்கிவிட்டாள். வீட்டுக்குப் போய்ப் பேசினேன். தம்பியை அங்கன்வாடியில் விட ஏற்பாடானது. ஆனாலும் இரண்டு வாரம் வருகை போய்விட்டது. நூலகப் புத்தகம் அவளிடமே இருந்தது.

திரும்பி வந்த நாளில் புத்தகத்தை மேசையில் வைத்தாள். ஒரு மடிப்பும் இல்லை. பெரணிக் குறி 52ஆம் பக்கத்தில் இருந்தது. புத்தகம் 64 பக்கம். "இன்னும் முடிக்கலையா?" என்ற கேள்வி வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று கேட்டேன்.

மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னும் பன்னெண்டு பக்கம்தான் டீச்சர்" என்று புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.